கடைசி மூன்று வேளைச் சாப்பாடு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தலையில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நல்ல பலன் என்று போட்டிருந்தாலும் நம்பாமல், இரண்டு நாள் வாசலைத் தாண்டாதவள். அப்படிப்பட்ட நான், கல்யாணமாகி மரக்காணம் உப்பளத்துக்கு வந்த முதல் வருடத்தில் கொலைக் கதைகளாகப் படித்துத் தள்ளினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே ஆசைப்பட்டுப் படித்தேன்.

2005 தை மாதம் எங்கள் கல்யாணம். கடல் ஊருக்குள் வந்து போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேளம் வேண்டாம் என்று கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். அவருக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாலு வயது நிறையாத ஒரு பெண் குழந்தை இருந்தது. எப்படி இறந்தார் என்று என் அப்பா கேட்டதற்கு ‘ஒடம்பு சரியில்லாம’ என்று சொன்னார்களாம். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளை குடிப்பதில்லை என்பதிலேயே அவர் மனம் நிறைந்துவிட்டது.

நான் திண்டிவனத்துப் பக்கம் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊர்க்காரி. கல்லூரியில் இரண்டு வருடம் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பாதியில் நின்றவள். புகுந்த வீடு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, உப்புப் பாத்திகளின் ஓரத்தில் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வரிசையாக உப்பு அம்பாரங்கள், சில கீற்று போட்டு மூடியவை, சில திறந்தபடி. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்தால் கண் கூசித் தண்ணீர் வரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது ‘தண்ணி வருது’ என்று கத்துவார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பாதி வழியில் ‘ஒண்ணும் இல்லடி, சும்மா சொன்னாங்க’ என்று எதிரே வருகிறவர்கள் சிரிப்பார்கள். திரும்பி வந்தும் வெகுநேரம் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட மாட்டேன்.

என் கணவர் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேன் ஓட்டினார். கடல் வந்த பிறகு உதவி செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் போகும்போது படித்த புத்தகங்களை அங்கே ஓர் அலமாரியில் போட்டுவிட்டுப் போவார்கள். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் அட்டையில் குதிரை வண்டி போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, “இங்கிலீசு படிச்ச பொண்ணாச்சே, இத படி. பொழுது போவும்” என்றார். அவர் எனக்குக் கொடுத்த முதல் பரிசு அது. ஏழு புத்தகங்கள் கொண்ட வரிசையில் அது முதலாவது என்று பின்னட்டையில் போட்டிருந்தது. மற்றவையும் அந்த அலமாரிக்கு வர வர ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்.

அந்தக் கதைகள் எல்லாம் லண்டனில், ராணி விக்டோரியா ஆண்ட காலத்தில் நடக்கும். நிலக்கரிப் புகை, மூன்றடிக்கு மேல் கண் தெரியாத பனி, தெருவில் எரிவாயு விளக்கு. துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை; மரண விசாரணை நடத்தும் அலுவலகத்தில் குறிப்பெழுதுகிற ஒரு குமாஸ்தா. எப்போதும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பிணத்தைப் பார்ப்பார். அவருக்கு ஒரே ஒரு சூத்திரம்: செத்தவர் கடைசியாகச் சாப்பிட்ட மூன்று வேளையை யார் கையால் சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஜன்னலையும் காலடித் தடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் நேரே சமையலறைக்குப் போவார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது. சமையலறைக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எங்கள் பேராசிரியர்கள் யாரும் சொன்னதில்லை.

விடியும் முன்பே அத்தை, அதாவது என் மாமியார், உப்பளத்து வேலைக்குப் போய்விடுவார். ஆறு மணிக்கு என் கணவர் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அத்தை திரும்பி வரப் பத்து மணியாகும். அதுவரை நானும் குழந்தையும்தான். அவள் சொப்பு வைத்து விளையாடுவாள், நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன். கதையில் யாராவது மாடிப்படி ஏறினால் எனக்கு முதுகு சில்லிடும். நடுவில் அவள் ‘சின்னம்மா’ என்று தோளைத் தொட்டால் அலறிவிடுவேன். அவளுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வந்த முதல் நாளே அத்தை சொல்லிவிட்டார்.

“எல்லாம் நீ செய்யி. உப்புப் பானய மட்டும் தொடாத. ஒரு வருசம் போவட்டும்.”

“ஏன் அத்த?”

“மருமவ வந்தா அப்படித்தான். எனக்கும் எம் மாமியா அப்படித்தான் சொன்னாங்க.”

அவ்வளவுதான் விளக்கம். அத்தைக்குப் பேச்சு என்பது கையில் இருக்கிற கடைசித் துளித் தண்ணீர் மாதிரி, சிந்த மாட்டார். ஆகவே நான் உப்பில்லாமல் சமைத்து இறக்கி வைப்பேன். அவர் வந்து கை கழுவிக்கொண்டு, மூலையில் இருக்கும் மண்பானையில் கைவிட்டு, ஒவ்வொரு சட்டியிலும் போட்டுக் கலக்குவார். விடியற்காலையில் கிளம்பும்போது எங்கள் இருவருக்குமான கஞ்சிப் பானையிலும் ஒரு கை போட்டுவிட்டுப் போவார். பானைக்கு ஒரு மூடி, மூடிமேல் ஒரு கல். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. உப்பளத்தில் குடியிருந்துகொண்டு உப்புக்குக் காவல் போடுகிறார்களே என்று அம்மாவுக்கு போனில் சொல்லிச் சிரித்தேன்.

நாலாவது புத்தகம் வந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அது சித்திரை வெயில். நாலாவது கதையில் ஒரு பெரிய வீடு. முதல் மனைவி வயிற்றுநோயில் மெல்ல மெல்லச் செத்துப்போயிருப்பாள். இரண்டாவதாக ஒருத்தி கல்யாணமாகி வருவாள். வீட்டில் யாரும் முந்தினவளைப் பற்றிப் பேச மாட்டார்கள். மாமியார் மட்டும் சர்க்கரைக் கிண்ணத்தின் சாவியை இடுப்பில் வைத்திருப்பாள். புதிதாக வந்தவளுக்கு வாய் கசக்கத் தொடங்கும், வயிறு கலங்கும். குமாஸ்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு சர்க்கரையைத் தொட்டுப் பார்ப்பார்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மூலையில் பானை, மூடி, மேலே கல். பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் முதல் மனைவியின் புடவைகள். வந்து நாலு மாதமாகியும் ஒருவரும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு போட்டோகூடச் சுவரில் இல்லை. பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் ‘அத்தை – உப்பு?’ என்று எழுதினேன். கேள்விக்குறி போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. குமாஸ்தாவும் குறிப்பில் கேள்விக்குறிதான் போடுவார்.

மறுநாள் காலையில் என் கணவரிடம் கேட்டேன்.

“ஏங்க, அவங்க எப்படித் தவறினாங்க?”

வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. “அதான் சொன்னாங்கல்ல, ஒடம்பு சரியில்லாம.”

“ஒடம்புக்கு என்னா?”

“வயிறு,” என்றார். “சாப்பாடு தங்கல. வாந்தி. இப்ப எதுக்கும்மா அது? அம்மா காதுல உழுந்தா சும்மா இருக்க மாட்டாங்க.” துணியை உதறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதையில் செத்தவளுக்கும் வயிறுதான். அம்மா காதில் விழுந்தால் என்ன செய்வார்? ஏன் சும்மா இருக்க மாட்டார்? இன்று யோசித்தால், ஒரு துக்கத்தை ஒரு பிள்ளை எப்படிச் சொல்வானோ அப்படித்தான் சொன்னார் என்று தெரிகிறது. அன்று எனக்கு அது வாக்குமூலமாகப் பட்டது.

அத்தை போடுகிற உப்பை இனி நானும் சாப்பிடக் கூடாது, குழந்தையும் சாப்பிடக் கூடாது என்று முடிவு செய்தேன். குழந்தையை ஏன் சேர்த்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கதையில் முதல் தாரத்துக் குழந்தையும் இருந்தது, அதற்கும் ஆபத்து இருந்தது. அது மட்டுமில்லை. அந்தப் பெண் ராத்திரி என் முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அவளுக்கு ஏதாவது ஆனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அந்த நாலு மாதத்துக்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

உப்புக்கு என்ன செய்வது? கடையில் பாக்கெட் உப்பு வாங்கினால், உப்பளத்துக்காரி மருமகள் உப்பு வாங்குகிறாள் என்று கடைக்காரரே ஊரெல்லாம் சொல்லிவிடுவார். வீட்டுக்குப் பின்னால்தான் பாத்திகள். அம்பாரத்து உப்பை எடுக்கலாம் என்றால், அதில் மண்ணும் தூசும் கலந்து பழுப்பாக இருந்தது. எத்தனையோ பேர் கால் பட்டது வேறு. கொஞ்சம் தள்ளி, பாத்திகளிலிருந்து மிச்சத் தண்ணீர் வடிகிற ஒரு வாய்க்கால் இருந்தது. அதன் கரை ஓரமெல்லாம் வெயிலில் காய்ந்து, ஊசி ஊசியாக, மல்லிகை வெள்ளையில் உப்பு பூத்திருந்தது. ஒருத்தர் கால்கூடப் படாத உப்பு. யார் கையும் படாததுதானே எனக்கு வேண்டும்? மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய அதைச் சுரண்டி எடுத்துவந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அவ்வளவு சுத்தமான உப்பை விட்டுவிட்டு இவர்கள் ஏன் அழுக்கு உப்பை அம்பாரம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து என் ஏற்பாடு நடந்தது. அத்தை உப்புப் போட்டுவிட்டுப் போன கஞ்சியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊற்றிவிட்டு, நானே வேறு கஞ்சி காய்ச்சி, என் பாட்டில் உப்பைப் போட்டு, நானும் குழந்தையும் குடித்தோம். மத்தியானமும் ராத்திரியும் அத்தை சாப்பிடக் கூப்பிடுவதற்குள் அதே கஞ்சியை மறுபடி குடித்துவிட்டு, “பசிக்கல அத்த, பாப்பாவும் சாப்ட்டா” என்பேன். அத்தை தட்டை ஒரு முறை பார்ப்பார், என்னை ஒரு முறை பார்ப்பார். அந்தப் பார்வைக்கே எனக்கு வேர்த்துவிடும்.

கஞ்சி லேசாகக் கசந்தது. பயத்தில் வாய் கசக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எனக்கு வயிறு கலங்கியது. கதையில் வந்த மாதிரியே. உப்பை மாற்றிய பிறகும் இப்படி என்றால், தண்ணீர்ப் பானையிலும் கலந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? குடிதண்ணீரையும் தெருக்குழாயில் நானே பிடித்து, என் கண்முன் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாடு அத்தையின் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தளதளவென்று இருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை. அந்தக் குமாஸ்தாவாக இருந்தால் முதலில் மாட்டைத்தான் பார்த்திருப்பார்.

ஐந்தாம் நாள் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. காலையில் இரண்டு முறை, அப்புறம் தண்ணீர் தண்ணீராக. தெருவோடு போன சுகாதாரத் துறை அக்காவை நிறுத்திக் கேட்டேன். “வெய்யில் காலம் இல்ல, எல்லா புள்ளைங்களுக்கும் இருக்குது. உப்பு சக்கரத் தண்ணி கலந்து மணிக்கு ஒரு டம்ளர் குடுத்துக்கிட்டே இரும்மா. நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடு” என்றார். சரியாகத்தான் சொன்னார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரை போட்டேன். அரிசிப் பானையைத் தோண்டி என் பாட்டிலை எடுத்து, உப்பையும் போட்டேன்.

“கசக்குது சின்னம்மா.”

“மருந்து அப்படித்தான் கசக்கும். என் தங்கமில்ல, குடி.”

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். ஒரு டம்ளர். அடுத்த மணிக்கு இன்னொரு டம்ளர். நிற்கவில்லை, அதிகமானது. அதிகமாக அதிகமாக நானும் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன்.

பத்து மணிக்கு அத்தை வந்தார். குழந்தை பாயில் சுருண்டு கிடப்பதைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“என்னாச்சி புள்ளைக்கு? எங்கிட்ட குடு.”

நான் குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். “நீங்க தொடாதீங்க,” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

“ஏய், என்னா பேசற நீ? எம் பேத்தி அது.”

“நான் பாத்துக்கறேன். நீங்க எதுவும் குடுக்காதீங்க.”

அத்தை அப்படியே நின்றார். அவர் கால்களில் உப்புச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கோபப்படுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். மத்தியானம் வரை அவர் அந்தச் சுவரோரம், நான் இந்தச் சுவரோரம், நடுவில் குழந்தையின் முனகல். மணிக்கு ஒரு டம்ளர் நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கொலைகாரியிடமிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

மூன்று மணிக்குக் குழந்தையின் கண் செருகியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. உதடு வெள்ளையாகக் காய்ந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அப்போது அத்தை எழுந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நான் மிச்சமிருந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியில் கொடுக்க வேண்டுமே.

கூனிமேட்டுக்கு மீன் ஏற்றப் போன ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு, எங்கள் கதியைப் பார்த்து நேரே பாண்டிச்சேரிக்கே விட்டார். வழி நெடுகக் குழந்தையின் தலை அத்தையின் தோளில் தொங்கி ஆடிக்கொண்டு வந்தது. நான் அதன் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கால் சில்லென்று இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பட்ட பயத்தை எந்தப் புத்தகமும் எனக்கு அதற்கு முன்னும் தந்ததில்லை, பின்னும் தந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே தூக்கிப்போனார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார்.

“கடைசியா என்ன சாப்பிட்டா? யார் குடுத்தது? ஒவ்வொரு வேளையா சொல்லுங்க.”

அந்தக் குமாஸ்தா கேட்கிற அதே கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நேற்று ராத்திரி கஞ்சி, நான் கொடுத்தது. காலையில் கஞ்சி, நான் கொடுத்தது. அதற்குப் பிறகு உப்பு சர்க்கரைத் தண்ணீர், ஆறு டம்ளர், எல்லாம் நான் கொடுத்தது. மூன்று வேளையிலும் அத்தையின் கை எங்கேயும் இல்லை. என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் தொட்டார். உடனே துப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் உப்பில் நின்றவருக்கு ஒரு துளி போதும். எந்த வாய்க்காலின் எந்தக் கரையிலிருந்து நான் சுரண்டினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வாய்க்கா உப்பு, டாக்டரம்மா,” என்றார். “உப்பு வெளஞ்சப்பறம் மிஞ்சற கசப்புத் தண்ணியில காயறது. தின்னா பேதியாவும். பெரியவங்களுக்கே தாங்காது.”

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “இதப் போயா குழந்தைக்குக் கலக்குவீங்க? யார் கலந்தது?”

“நான்தாங்க,” என்றார் அத்தை. “கண்ணு சரியா தெரியல. பான மாறிப்போச்சு.”

டாக்டர் திட்டினார். நர்ஸ் திட்டினார். செய்தி கேட்டு விடுதியிலிருந்து ஓடிவந்த என் கணவர் தாழ்வாரத்தில் அத்தனை பேர் எதிரில் பெற்ற தாயைத் திட்டினார். “அவளத்தான் போவ உட்ட, இப்ப எம் பொண்ணையும் அனுப்பப் பாக்கறியா?” என்று கத்தினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்து நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். ‘இல்லை, நான்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. பயமாக இருந்தது. என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார், குழந்தையை இனிமேல் கண்ணால்கூடப் பார்க்க முடியாது என்ற பயம். என் பயங்களிலேயே கேவலமான பயம் அதுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழந்தை கண் விழித்து “சின்னம்மா” என்றாள். தண்ணீர் கேட்டாள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை தாழ்வாரத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்த, ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மூத்தவளுக்கு மஞ்சக்காமால. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்னான் எம் பையன். நான்தான் பச்சில மருந்து போதும்னு சொல்லிட்டேன். எங்க ஊருல எல்லாரும் அதாலதான் பொழச்சாங்க. மூணு நாளு எங்கையாலதான் குடுத்தேன். நாலாம் நாளு கண்ண மூடிட்டா. அவ ஆத்தா வூட்டுக்காரங்க இன்னிக்கும் என்ன ரோட்டுல பாத்தா மூஞ்ச திருப்பிக்கிறாங்க. எம் புள்ள இந்த ரெண்டு வருசத்துல எம் மூஞ்சப் பாத்து சிரிக்கல. போட்டோவ மாட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

நான் அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“எனக்கு இன்னும் எத்தினி நாளு? ஏற்கனவே ஒண்ணு இருக்குது எந் தலையில, இதுவும் கெடக்கட்டும். நீ இந்தப் புள்ளகூட காலம் பூரா இருக்கணும். அது வளந்தப்பறம் உன்னப் பாத்து மூஞ்ச திருப்பிக்கக் கூடாது.” முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். “ஒரு மழ பாத்த உப்பத்தான் சோத்துல போடணும். கசப்பெல்லாம் மழயில எறங்கிடும். ஒரு வருசம் கூடமாட இருந்து பாத்தா தானா தெரிஞ்சிடும்னுதான் மருமவளத் தொடாதன்றது. வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். எம் மாமியாரும் எனக்குச் சொல்லல.”

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒரு கட்டளை போட்டார்: இனி அம்மா அடுப்புப் பக்கம் வரக் கூடாது, உப்புப் பானை என் பொறுப்பு. அத்தை சரி என்றார். அன்று முதல் எந்த அம்பாரம், எவ்வளவு பழசு என்று கண்ணால் காட்டுவார், நான் எடுப்பேன். தன் வீட்டில் தான் உப்புப் போட்ட சோற்றை அவர் அதற்குப் பிறகு சாப்பிடவே இல்லை. ஐந்தாவது, ஆறாவது புத்தகங்கள் வந்தன. திறக்காமல் பரணில் போட்டேன். 2006 கோடையில் ஏழாவதும் வந்தது. அதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவள் ‘ஆயா’ என்று கூப்பிடுகிற அத்தை நடத்திக் கூட்டிப்போனால் வர மாட்டேன் என்று அடம்பிடிப்பாள். “ஆயா கசப்பு மருந்து குடுத்துச்சு” என்பாள். கொடுத்த கை யாருடையது என்று நாலு வயதில் அவளுக்கு நினைவில்லை. பெரியவர்கள் சொன்னதைத்தான் அவள் நினைவாக்கிக்கொண்டாள். அத்தை சிரித்துக்கொண்டே நாலடி பின்னால் நடப்பார். ஒவ்வொரு காலையும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு காலையும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அத்தை இறந்து எட்டு வருடம் ஆகிறது. கடைசிப் படுக்கையில் என் கணவரை வைத்துக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. நான் வாயை மூடிக்கொண்டேன். அதிலும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

அந்தக் குழந்தை இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். எப்போது ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று இருவருக்குமே நினைவில்லை. போன பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நான் உப்பை எடுத்தேன். “அம்மா, பாத்துப் போடுங்க, ஆயா மாதிரி ஆள அனுப்பி வெச்சிடாதீங்க” என்றாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். போட்டோவில் அத்தையும், பக்கத்தில் இப்போது மாட்டியிருக்கிற அவளுடைய அம்மாவும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பரணில் எதையோ தேடப் போனவள் ஏழு புத்தகங்களையும் கண்டுபிடித்துவிட்டாள். “இவ்ளோ நாளா ஏம்மா சொல்லல?” என்று முதல் மூன்றையும் சென்னைக்குத் தூக்கிப்போனாள். வாரத்துக்கு ஒன்றாகப் படித்துவிட்டு போனில் பேசுகிறாள். அந்த ஜலதோஷக் குமாஸ்தா அவளுக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறாராம். “சூப்பர் லாஜிக்மா. கடைசி மூணு வேள யாரு குடுத்தாங்கன்னு பாத்தா போதும், ஆள் மாட்டிக்கும்” என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வருகிறாள். நாலாவது புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். தூசி தட்டித் திறந்து பார்த்தேன். ஓரத்தில் ‘அத்தை – உப்பு?’ என்று என் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. ரப்பரைக்கூடக் கையில் எடுத்தேன். அழித்தால் ஒரு நிமிட வேலை. அழிக்கவில்லை. நான்கு நாளாக உட்கார்ந்து இந்தப் பக்கங்களை எழுதினேன். யாருக்குக் கொடுப்பதற்கும் முன்னால் இவற்றை அவள்தான் படிக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, அந்த மீன் வண்டியில் போன அன்று இருந்த அதே பயம். எழுதியதை மடித்து, அந்தப் பக்கத்திலேயே வைத்து, புத்தகத்தை அவள் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.